பூட்ஸ் கொடுத்த நாள்

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வருகிறது, இனி எதுவானாலும் எழுதித் தொலை என்று நீ உத்தரவு போட்டாயே, அதனால் எழுதுகிறேன்.

எறும்பு பத்திரமாக வந்து சேர்ந்தாள். இருபத்தெட்டு வயதாகியும் உன் மகளுக்குப் பாதம் மட்டும் வளரவில்லை. அந்தப் பெயரை நான் வைத்தது தப்பே இல்லை. திங்கட்கிழமை விடியற்காலையிலேயே நகராட்சித் துப்புரவு வேலையில் இறங்கிவிட்டாள். சந்தைத் தெரு. இருபத்தொன்பது வருடமாக என் தெரு அது. மீன் கடைக்காரர்கள் பனிக்கட்டித் தண்ணீரைக் கொட்டி, அழுகின முட்டைக்கோஸ் இலையோடு சேர்த்துக் கூழாக்கி வைத்திருப்பார்கள். முதலில் தண்ணீரைச் சாக்கடைக்குத் தள்ளிவிட்டுத்தான் இலையைத் தொட வேண்டும் என்று ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். எங்கள் மேஸ்திரி யாரையும் வாய் திறந்து பாராட்டுகிற ஆள் இல்லை. அவரே, உன்னைவிடச் சுத்தம் என்று என்னிடம் சொன்னார்.

சங்கத்தில் புது ஒப்பந்தப் பேச்சு நடக்கிறது. துணைச் செயலாளர் என்று ஒரு நாற்காலியைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள், மதியம் முழுக்க அதிலேயே போகிறது. வலது முட்டி கொஞ்சம் மக்கர் செய்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி

(உறையின் பின்புறம்: ஒட்டின பிறகுதான் ஞாபகம் வந்தது. எறும்பின் அளவுக்கு டிப்போவில் பூட்ஸ் இல்லையாம். திங்கட்கிழமையிலிருந்து வெறும் செருப்போடு சந்தைத் தெருவைக் கூட்டுகிறாள். வீட்டில் பழைய கான்வாஸ் ஷூ இருந்தால் உடனே அனுப்பு.)

&nbsp;

மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. ஷூவைத் தனிப் பார்சலாக அனுப்பியிருக்கிறேன். நாடா புதிது. ஒரு மாதம் செருப்போடு ஈரத்தில் நின்றால் விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிவிடும், அதுகூடத் தெரியாமலா இருபத்தொன்பது வருடம் கூட்டினாய்?

துணிக்கடையில் கல்லாவில் உட்கார்ந்து நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவளை எதற்காக உன்னிடம் அனுப்பினேன் என்று உனக்கு மறந்திருக்காது. பென்ஷன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான். எனக்கு அறுபத்திரண்டு. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இன்னும் விரிப்பு மடிக்கிறேன். எதிர் முனையைப் பிடிக்கிறவள் என் பேத்தி வயசுக்காரி, அவள் இழுக்கிற வேகத்துக்கு என் தோள் வருவதில்லை. முதல் நாள் வேலைக்குச் சேரும்போது பென்ஷன் உண்டா என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. என் மகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது.

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. பெரிதாக ஒன்றுமில்லை என்று நீ சொன்னால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 9

தம்பிக்கு,

நலம். உன் நலம் உனக்கே தெரியும்.

ஒரு மாதமாகப் பதில் இல்லை. போனில் என் பெயரைப் பார்த்தால் எடுக்க மாட்டாய். அதனால் இதைப் பதிவுத் தபாலில், சங்க அலுவலக முகவரிக்கே அனுப்புகிறேன். நாலு பேர் பார்க்கக் கையெழுத்துப் போட்டு வாங்கு.

ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று செய்தித்தாளில் படித்தேன். மார்ச் பத்தாம் தேதிக்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் அப்படியே. அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பென்ஷனே கிடையாது, பிடித்த பணத்தைக் கடைசி நாளில் கையில் கொடுத்து வாசலைக் காட்டுவார்களாம். சங்கத்தார் சிரித்துக்கொண்டு நிற்கிற படமும் போட்டிருந்தார்கள். இரண்டாவது வரிசையில் இடமிருந்து நாலாவது நீ.

என் மகள் மூன்றாம் தேதி வேலைக்குச் சேர்ந்தவள். அப்படியென்றால் அவள் பழைய கணக்கில்தானே? ஆமாம் என்று ஒரு வரி எழுது, போதும்.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பதிவுத் தபால் அனுப்பி மானத்தை வாங்க வேண்டியதில்லை. வேலை அதிகம், அதுதான் தாமதம்.

ஒப்பந்தத்தைப் பற்றிச் செய்தித்தாள்காரன் அரைகுறையாக எழுதியிருக்கிறான். எல்லோருடைய பென்ஷனையும் பிடுங்குவோம் என்றுதான் நகராட்சி ஆரம்பித்தது. பதினேழு நாள் மல்லுக்கட்டி, உள்ளே இருக்கிறவர்களையாவது காப்பாற்றினோம். நான் ஒருவன் கையைத் தூக்காமல் இருந்தால் மலை புரண்டிருக்காது.

எறும்பு விஷயம். நியமன உத்தரவு எப்போது வந்தாலும், டிப்போ கிடங்கில் கையெழுத்துப் போட்டு பூட்ஸும் உடையும் வாங்குகிற நாள்தான் இங்கே சேர்ந்த நாள். எந்தக் காலத்திலிருந்தோ அப்படித்தான். அவள் பூட்ஸ் வாங்கியது மார்ச் பதினாலு. அவள் அளவுக்கு வரவில்லை, நான் என்ன செய்ய முடியும்? எல்லாம் அவள் நேரம்.

தோளைப் பார்த்துக்கொள்.

தம்பி

&nbsp;

மே 7

மரியாதைக்குரிய துணைச் செயலாளர் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு நாற்காலி நலமா?

உள்ளே இருக்கிறவர்களைக் காப்பாற்றினீர்களாம். வெளியே நிற்கிறவனுக்கு ஓட்டு இல்லை, வாய் இல்லை, அவன் பங்கை எடுத்துக் கொடுத்துவிட்டு உங்கள் பங்கை வாங்கிக்கொண்டீர்கள். பிறகு அவனிடமே சந்தாவும் வாங்குகிறீர்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான்.

கூட்டத்தில் நடந்ததை எறும்பு சொன்னாள். புதிதாகச் சேர்ந்த முப்பத்தொரு பேரை பெஞ்சில் உட்கார வைத்து நீதான் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினாயாம். முன் வரிசையிலிருந்து அவள் எழுந்து நின்று கேட்டிருக்கிறாள்: "மாமா, சேந்த நாள்னா எது? தொடப்பத்தத் தொட்ட நாளா, பூட்ஸத் தொட்ட நாளா?"

"பூட்ஸ் நாள்தான். அடுத்த கேள்வி." இது நீ.

உன் மார்ச் ஆறாம் தேதிக் கடிதம் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து சந்தைத் தெருவைக் கூட்டுகிறாள், மேஸ்திரியே பாராட்டினார் என்று உன் கையால் எழுதியிருக்கிறாய். மூன்றாம் தேதி முதல் பதிமூன்றாம் தேதி வரை, ஞாயிறுகூட விடாமல், பதினொரு நாள் அவள் கூட்டினாள். அந்தப் பதினொரு நாள் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அதைக் கேட்டால் என் மகள் பேச்சை மாற்றுகிறாள். நீ சொல்.

அக்கா

&nbsp;

மே 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமா? தோள்வலி எப்படி இருக்கிறது? சாய்ந்து படுக்காதே என்று டாக்டர் சொன்னதைக் கேட்கிறாயா?

நான் மாமா வீட்டிலிருந்து வந்துவிட்டேன். டிப்போவுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. கூடத் தங்கியிருப்பவள் குப்பை லாரி ஓட்டுகிறாள். குறட்டை லாரியைவிடப் பெரிது. மற்றபடி நல்லவள்.

நீ மூன்று தடவை கேட்டுவிட்டாய். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் அந்தக் கூட்டத்தில் அடுத்த கேள்வி என்று சொன்னபோதே அது முடிந்துபோயிற்று.

அந்தப் பதினொரு நாளும் மாமா புத்தகத்தில் இருக்கிறது. அவருக்கு முட்டி வீங்கி நடக்கவே முடியவில்லை. விடுப்பும் மிச்சமில்லை. கடைசி மூன்று வருடத்தில் விடுப்பில்லாமல் ஒரு நாள் ஆப்சென்ட் விழுந்தாலும் முழுப் பென்ஷன் போய்விடுமாம். அதனால் காலையில் நொண்டிக்கொண்டு வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். பிறகு கருவிக் கொட்டகையில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார். அவர் தெருவை நான் கூட்டுவேன். மேஸ்திரிக்குத் தெரியும், சங்கத்துக்காரர் என்று கண்டுகொள்ளவில்லை. பூட்ஸ் வந்ததும் உனக்கே தனித் தெரு என்று மாமா சொன்னார். நாலு நாள் உதவிதானே என்று நினைத்தேன். அவர் அழுதார் அம்மா, அதனால்தான்.

பூட்ஸ் கடைசியில் என் அளவுக்கு வரவேயில்லை. ஓர் அளவு பெரியதைக் கொடுத்தார்கள், துணி அடைத்துப் போட்டுக்கொள்கிறேன். "இது மொத நாள்ல இருந்தே இங்கதானம்மா கெடக்குது"ன்னு கிடங்குக்காரர் சொன்னார். அது மட்டும் எனக்குப் புரியவில்லை.

மாமாமேல் கோபம்தான். ஆனால் அவர் வேலை போகிற மாதிரி எதுவும் செய்துவிடாதே.

எறும்பு

&nbsp;

மே 28

தம்பிக்கு,

நலம் விசாரிக்க இனி எனக்கு மனமில்லை. உன் முட்டியைப் பற்றி இந்தக் கையால் ஒரு வார்த்தை எழுதமாட்டேன்.

எல்லாம் தெரிந்துவிட்டது. என் மகளின் வேர்வையில் உன் பென்ஷனைக் காப்பாற்றிக்கொண்டாய். அதே பதினொரு நாளால் அவள் பென்ஷனைத் தொலைத்தாய். பிறகு முப்பது பேர் முன்னால் நின்று, பூட்ஸ் நாள்தான் என்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நீ வண்டிப் பூசணிக்காயை மறைக்கிறாய்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். மார்ச் பத்து என்ற தேதியை நீங்கள் எந்த நாளில் முடிவு செய்தீர்கள்? கிடங்கில் முதல் நாளிலிருந்தே இருந்த பூட்ஸ் அவள் காலுக்கு வரப் பதினொரு நாள் ஏன் ஆயிற்று?

உயர் அலுவலரிடம் நீயே போய் உண்மையைச் சொல். இல்லாவிட்டால் உன் கடிதத்தை நான் அனுப்புகிறேன்.

அக்கா

&nbsp;

ஜூன் 15

அக்காவுக்கு,

இங்கே யாரும் நலமில்லை. உனக்கு அதுதானே வேண்டும்.

உனக்கு என்ன தெரியும்? இருபத்தொன்பது வருடம். குனிந்து நிமிர்ந்தே முட்டி தேய்ந்துவிட்டது. எலும்பும் எலும்பும் உரசுகிற சத்தம் எனக்கே கேட்கிறது. இன்னும் இரண்டு வருடம் ஓட்டினால் படுத்துக்கொண்டாவது சாப்பிடலாம் என்று இருந்தேன். உன் மகளுக்கு இருபத்தெட்டு. இன்னும் எத்தனையோ ஒப்பந்தம் வரும், மாறும். எனக்கு இது ஒன்றுதான். இதைச் சொன்னால் நான் கெட்டவன். சரி, கெட்டவன்தான்.

நீ அந்தக் கடிதத்தை அனுப்பினால் பொய்க் கையெழுத்து என்று என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள், மேஸ்திரியும் போவார். எறும்புக்கும் விசாரணை வரும், அவள்தானே உடந்தை. யோசித்துப் பார். கடிதத்தை எனக்கு அனுப்பிவிடு. உள்ளுக்குள்ளேயே பேசி அவள் தேதியை மாற்றப் பார்க்கிறேன். கூடப் பிறந்தவன் கேட்கிறேன்.

தம்பி

&nbsp;

ஜூன் 21

தம்பிக்கு,

கூடப் பிறந்தவன் என்று இப்போதுதான் ஞாபகம் வந்ததா?

நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் எழுதாமல் ஒரு பக்கம் நிரப்பியிருக்கிறாய். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

கேட்ட கடிதம் இதனுடன் இருக்கிறது. நகல் எடுக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

அக்கா

&nbsp;

செப்டம்பர் 2

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

உன் கடிதம் ஜூன் இருபத்தாறு வந்தது. மறுநாள் காலை அதை அடுப்பில் போட்டேன். உன்னுடையதை அல்ல, என்னுடையதை. எரிந்து முடிகிறவரை பக்கத்திலேயே நின்றேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொன்னால் நீ நம்ப வேண்டும், ஏனென்றால் அதுதான் உண்மை.

ஆகஸ்டு கடைசியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவன் மனைவிக்குப் பிரசவம். இரண்டு நாள் காலையில் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறான், அவன் தெருவை மச்சினன் கூட்டியிருக்கிறான். வேலையை விட்டு எடுக்கப் போகிறார்கள். சங்கத்தின் சார்பில் நாற்காலியில் நான். பொய்க் கையெழுத்துக்குச் சங்கம் துணை நிற்காது, இதுதான் நான் சொல்ல வேண்டியது. முந்தின நாளே பேசி முடித்திருந்தோம். அந்தப் பையன் புது பூட்ஸோடு வந்து நின்றான். மீன் செதில் ஒட்டியிருந்தது, அவனுக்கும் சந்தைப் பக்கம்தான் போலிருக்கிறது.

"சங்கம் என்ன சொல்லுது?"ன்னு அலுவலர் கேட்டார்.

"சார், இவன் ரெண்டு நாள் செஞ்சத நான் பதினோரு நாள் செஞ்சேன்."

பெரிய மனது பண்ணிச் சொன்னேன் என்று நினைக்காதே. வாய் முந்திக்கொண்டது.

நீ கேட்ட கேள்விகளுக்கும் இப்போதே பதில் எழுதிவிடுகிறேன். மார்ச் பத்து என்ற தேதி எட்டாம் தேதி மாலையே எங்களுக்குத் தெரியும். அந்தப் பெரிய பூட்ஸும் கிடங்கில் இருந்தது. அன்றே கையெழுத்துப் போட வைத்திருந்தால் அவள் பழைய கணக்கில் சேர்ந்திருப்பாள். ஆனால் பூட்ஸ் வாங்கின மறுநாளே அவளுக்கு வேறு தெரு. முட்டி வீக்கம் வடிகிறவரை என் தெருவைக் கூட்ட வேறு ஆள் இல்லை. சரியான அளவு வரட்டும், பொறுத்திருக்கட்டும் என்று கிடங்குக்காரரிடம் சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை.

பையனை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். மேஸ்திரிக்கு இடமாற்றம். என்னைக் கமிட்டியிலிருந்து எடுத்தாயிற்று. வேலை மிஞ்சியது, பதினொரு நாள் ஆப்சென்ட் விழுந்துவிட்டது, முழுப் பென்ஷன் போயிற்று. பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும் என்கிறார்கள்.

எறும்பின் தேதிதான் மாறவில்லை. தாய்மாமன் சொல்வதை மட்டும் வைத்து மாற்ற முடியாதாம். அவள் அந்த நாட்களில் கூட்டினாள் என்பதற்கு அப்போதே எழுதின காகிதம் ஏதாவது இருந்தால், செப்டம்பர் முப்பதுக்குள் கொண்டுவரச் சொல்கிறார்கள். உலகத்தில் அப்படி ஒரு காகிதம்தான் இருந்தது. அதை அடுப்பில் போட்டவன் எழுதுகிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

தம்பி

&nbsp;

செப்டம்பர் 8

தம்பிக்கு,

நலம்.

நீ கடிதத்தைத்தான் கேட்டாய். கொடுத்தேன். உறையை நீ கேட்கவில்லை.

அதன் முன்பக்கம் தபால் முத்திரை, மார்ச் ஏழு. பின்பக்கம் உன் கையெழுத்து, எறும்புக்குப் பூட்ஸ் இல்லை, திங்கட்கிழமையிலிருந்து வெறும் செருப்போடு சந்தைத் தெருவைக் கூட்டுகிறாள் என்று. கடிதத்தையாவது எப்போது வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் என்பார்கள். முத்திரையை யார் என்ன சொல்ல முடியும்? இன்று காலை அதைப் பதிவுத் தபாலில் எறும்புக்கு அனுப்பிவிட்டேன். உனக்கு அனுப்ப எனக்குப் பைத்தியமா?

கடிதத்தை நீ எரிப்பாய் என்று தெரியும். எரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்றும் ஒரு பக்கம் நினைத்துக்கொண்டுதான் தபாலில் போட்டேன். உறையை முன்பே கொடுத்திருந்தால் என் மகள் உன்னைக் காட்டிக்கொடுத்ததாக ஆகியிருக்கும். அது உன் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன். இந்த மாதம் பதினைந்தாம் தேதி வரைதான் காத்திருப்பேன் என்று நாட்காட்டியில் வட்டம் போட்டிருந்தேன். வட்டம் இன்னும் இருக்கிறது, வந்தால் பார்.

நீ எட்டாம் தேதி செய்ததை நான் மன்னிக்கவில்லை. எழுதிவிட்டாய் என்பதற்காக அது இல்லாமல் போகாது.

இன்னொன்று. என் மகளுக்கு ஒரு உறை இருந்தது. அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்ற முப்பது பேருக்கு என்ன இருக்கிறது? பிரசவத்துக்கு ஓடின அந்தப் பையனுக்கு என்ன இருக்கிறது? உனக்கு இப்போது நாற்காலி இல்லை. அவர்களோடு அந்த பெஞ்சில் போய் உட்கார். அந்த ஒப்பந்தத்தில் எந்த வரியில் எந்த ஓட்டை இருக்கிறது என்று எழுதினவனுக்குத்தான் தெரியும். சொல்லிக் கொடு. முதல் நாள் திட்டுவார்கள், வாங்கிக்கொள்.

எறும்புக்கு அந்தப் பெரிய பூட்ஸை மாற்றி வாங்கிக் கொடு. கமிட்டியில் இல்லை என்று சாக்குச் சொல்லாதே.

முட்டி எப்படி இருக்கிறது?

அக்கா